கடனாளியின் பெயரும் கடனாளியின் நிலையும்

ஹிஜாஸில் ஜுஹைனா கோத்திரத்தாருள் ஒருவர் இருந்தார். ஹஜ்ஜுப் பயணிகள் அனைவருக்கும் முன்பாகத் தாமே சென்று சேர வேண்டும் என்பதில் அவருக்குப் பெருவிருப்பம். அதற்காக விரைந்தோடும் ஒட்டகங்களை அதிக விலைக்குக் கடனாக வாங்குவார். முந்திச் சென்றவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. கடனும் உடன் வளர்ந்தது. முடிவில் நொடித்துப்போனார். விவகாரம் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்தபோது, அவர்கள் மக்கள் முன் அம்மனிதரைப் பெயர் சுட்டியே பேசினார்கள். ஹாஜிகளை முந்தினார் என்ற புகழுக்காகத் தம் மார்க்கத்தையும் அமானிதத்தையும் அவர் விலையாக்கிவிட்டார் என்றும், திருப்பிச் செலுத்தும் அக்கறையின்றியே கடன் வாங்கினார் என்றும் கூறினார்கள். அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் மறுநாள் காலையில் வர வேண்டும், அவருடைய பொருள் அவர்களிடையே பங்கிடப்படும் என அறிவித்தார்கள். கடன் கவலையில் தொடங்கும் என்ற எச்சரிக்கையையும் விடுத்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தமது ‘முவத்தா’வில் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்கள்.

வாகனம், கடன், நொடிப்பு, பெயர் பகிரங்கமாதல் என நான்கும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கிவிடுகின்றன. இன்றைய வாகனக் கடன் உலகிலும் இதே நான்கினைக் காண்கிறோம். பெயரை அறிவிக்கும் பொறுப்பு மட்டும் கலீஃபாவின் நாவிலிருந்து கணினியின் பதிவேட்டிற்கு மாறியிருக்கிறது.

எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். 2018-ல் தவணைக் கடனில் கார் வாங்கினார். 2020-ல் பெருந்தொற்று வந்தது. அவ்வாண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்பு அவருக்கும் கிடைத்தது. ஆனால் 2021-ன் இரண்டாம் அலை அவருடைய சவாரிகளை மீண்டும் முடக்கியது. வீட்டில் தந்தையும் நோயுற்றார். தவணைகள் தவறின, நிறுவனம் வண்டியைக் கைப்பற்றி விற்றது. மீதமிருந்த பாக்கியில் ஒரு பகுதியை 2022-ல் பெற்றுக்கொண்டு, கணக்கை ‘செட்டில்மெண்ட்’ செய்துகொடுத்தது. பின்னர், பழைய கார் ஒன்றை வாங்க முயன்றபோது வங்கி கைவிரித்தது. தனியார் நிதி நிறுவனம் ஒன்று மட்டும் கூடுதல் வட்டிக்கு முன்வந்தது. அவர் தமது கடன் அறிக்கையை எடுத்துக்கொண்டு எம்மிடம் வந்து இரண்டு கேள்விகளைக் கேட்டார். முதலாவது: “ஹஜ்ரத், நான் ஏமாற்றுக்காரன் என்று இதில் எழுதியிருக்கிறதா?” இரண்டாவது: “இந்த ஃபைனான்ஸை நான் எடுக்கலாமா?”

இரண்டுமே ஃபிக்ஹின் கேள்விகள். முதற்கேள்விக்கு விடை காணாமல் இரண்டாவதற்கு விடை கூறுதல் இயலாது.

பதிவேடு இயங்கும் முறை

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ‘சிபில்’ நிறுவப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டது. டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் என்னும் நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று இப்பணியைச் செய்கின்றன. ‘சிபில் ஸ்கோர்’ என்பது இவற்றுள் ஒன்று தரும் மதிப்பெண்ணே எனினும், வழக்கில் அப்பெயரே நான்கிற்கும் பொதுவாகிவிட்டது.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தம்மிடம் கடன் பெற்ற ஒவ்வொருவரின் கணக்கையும் இந்நிறுவனங்களுக்குத் தெரிவிக்கின்றன. கடன் தொகை எவ்வளவு, எந்த நாளில் பெறப்பட்டது, ஒவ்வொரு மாதமும் தவணை எத்தனை நாள் தாமதமாயிற்று, கணக்கு எவ்வாறு முடிந்தது என்பன அதில் அடங்கும். இத்தகவலைப் பதினைந்து நாளுக்கொரு முறையேனும் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இவற்றைக் கொண்டு 300-க்கும் 900-க்கும் இடையே ஒரு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. தவணை தவறுதல், ஏற்கெனவே உள்ள கடன்களின் சுமை, குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கேட்டு விண்ணப்பித்தல் ஆகியவை அதனைக் குறைக்கும். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக் கடன் வகையில் சேர்கிறது. முழுமையாகச் செலுத்தியவரின் கணக்கு ‘முடிக்கப்பட்டது’ என்று குறிக்கப்படும். குறைத்துச் செலுத்தித் தீர்த்தவரின் கணக்கு ‘செட்டில்டு’ என்று குறிக்கப்படும். பின்னைய குறியைக் காணும் வங்கி, முழுத்தொகையும் வாராத கணக்கு இது என்றே புரிந்துகொள்ளும். இத்தகவல்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் பாதுகாத்து வைத்தல் வேண்டும்.

இன்னொரு வகையினரும் உள்ளனர். வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனின் வாசலையே மிதிக்காதவர்கள் நம்மில் பலர். அவர்களுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் இல்லை, உயர்ந்த மதிப்பெண்ணும் இல்லை. ‘வரலாறு இல்லை’ என்பதே அவர்களைப் பற்றிய பதிவு. வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதன்முறை விண்ணப்பிப்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதையும், கடனுக்கெனக் குறைந்தபட்ச மதிப்பெண் எதனையும் அது விதிக்கவில்லை என்பதையும் 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. மதிப்பெண்ணை எவ்வளவு பொருட்படுத்துவது என்பது கடன் கொடுக்கும் நிறுவனத்தின் முடிவாகவே இருக்கிறது.

பிறர் கடனைப் பற்றிப் பேசலாமா?

ஒருவரது கடன் தாமதத்தை எழுதி வைத்து மூன்றாமவருக்குத் தெரிவிப்பது புறம் ஆகாதா என்ற ஐயம் இங்கே எழும். புறம் பேசுதலைத் திருக்குர்ஆன் (49:12) கடுமையாகத் தடுக்கிறது. எனினும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில், நேரிய நோக்கத்திற்காக ஒருவரது குறையைக் கூறுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைத் தொகுத்துரைக்கிறார்கள். திருமணம், கூட்டு வாணிபம், அமானிதம் ஒப்படைத்தல் போன்றவற்றில் ஆலோசனை கேட்கப்படும்போது உள்ளதை உரைத்தல் அவற்றுள் அடங்கும். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை முஆவியா (ரலி) அவர்களும் அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களும் பெண் கேட்டிருந்தனர். அவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, முஆவியா பொருளற்ற ஏழை என்பதை அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் குறைநிறைகளை ஆராயும் ‘ஜர்ஹ் – தஃதீல்’ கலை முழுவதும் இந்த அடிப்படையின் மேல் எழுந்ததே.

கடனைப் பொறுத்தவரை இன்னும் நேரடியான சான்று உண்டு. வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பவனின் அச்செயல், அவனது மானத்தையும் அவனுக்குரிய தண்டனையையும் ஆகுமாக்கிவிடும் என்ற கருத்தமைந்த நபிமொழியை அபூதாவூதும் நஸாயீயும் பதிவு செய்துள்ளனர். மானம் ஆகுமாதல் என்பது, ‘நீ எனக்குத் தர வேண்டியதைத் தராமல் இழுத்தடித்தாய்’ என்று கடன் கொடுத்தவர் சொல்வது என்றும், தண்டனை என்பது சிறை என்றும் சுஃப்யான் (ரஹ்) அவர்கள் அளித்த விளக்கத்தை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஆகவே, கடன் பதிவேடு என்ற ஏற்பாட்டை அடியோடு தவறென்று கூறுதல் பொருந்தாது. கடனை எழுதி வைக்குமாறு பணிப்பது திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகும் (2:282). கடன் கொடுப்பவர் ஏமாறாதிருக்க, உண்மையான தகவல் உரிய தேவைக்குப் பயன்படுதல் நீதியே.

இருவரை ஒருவராக்கும் பிழை

ஆனால் மேற்கண்ட நபிமொழியில் ஒரு சொல்லை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மானம் ஆகுமாவது ‘வாஜித்’ என்பவனுக்கு மட்டுமே. அதாவது, கடனை அடைக்கும் வசதியைப் பெற்றிருப்பவனுக்கு. புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெறும் மற்றொரு நபிமொழியும், இழுத்தடித்தல் அநீதி என்று பொதுப்படக் கூறவில்லை. வசதியுள்ளவன் இழுத்தடிப்பதே அநீதி என்கிறது. வசதியற்றவன் ‘முஃஸிர்’ எனப்படுவான். அவனுக்கான சட்டம் முற்றிலும் வேறு. அவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் தருவது கடமை என்றும், கடனைத் தள்ளுபடி செய்வது இன்னும் சிறந்த தர்மம் என்றும் திருக்குர்ஆன் (2:280) விதிக்கிறது. ஒருவனது மானத்தைத் தொட அனுமதி உண்டு. மற்றவனது கழுத்தை நெருக்கவே அனுமதி இல்லை. வெளித்தோற்றத்தில் இருவரும் ஒரே செயலைத்தான் செய்கின்றனர்: தவணை நாளில் பணம் கட்டவில்லை. ஷரீஅத் அந்தச் செயலோடு நின்றுவிடாமல், அதன் பின்னுள்ள நிலையை ஆராயச் சொல்கிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் மரத்திலிருந்த கனிகளை விலைக்கு வாங்கினார். கனிகளுக்குச் சேதம் ஏற்பட்டு, பெருங்கடனில் விழுந்தார். அவருக்குத் தர்மம் வழங்குமாறு நபி (ஸல்) அவர்கள் மக்களைப் பணித்தார்கள். திரண்ட தொகை கடனை அடைக்கப் போதவில்லை. கடன் கொடுத்தோரிடம், கிடைப்பதைப் பெற்றுக்கொள்ளுங்கள், அதற்குமேல் உங்களுக்கு உரிமையில்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இந்த அறிவிப்பில் அம்மனிதரின் பெயர் இல்லை. ‘ஒரு மனிதர்’ என்றே உள்ளது. ஜுஹைனாக்காரரை உமர் (ரலி) அவர்கள் பெயர் சுட்டிப் பேசினார்கள்; அப்போதும் நொடித்தார் என்பதோடு நிறுத்தாமல், பெருமைக்காகவும் அக்கறையின்றியும் கடன் வாங்கினார் என்ற காரணத்தையும் சேர்த்தே கூறினார்கள். காரணம் விளக்கப்பட்ட இடத்தில்தான் பெயர் பகிரங்கமாயிற்று என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிடுவோர் காணலாம்.

எவரும் ‘நான் முஃஸிர்’ என்று சொல்லித் தப்பிவிடலாமே என்ற வினாவிற்கும் ஃபுகஹாக்கள் விடை கண்டுள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஒரு பொருளை வாங்கியதற்காகவோ கைமாற்றாகவோ ஏற்பட்ட கடனாயின், ‘என்னிடம் வசதியில்லை’ என்பவன் சாட்சிகளைக் கொண்டு அதனை நிறுவ வேண்டும். வாங்கிய பொருள் அவன் கைக்கு வந்திருந்தது என்பது தெரிந்ததாகலின் வெறும் சொல் போதாது. அச்சாட்சிகளுக்கும் ஒரு தகுதி உண்டு. அவர்கள் அவனது அந்தரங்க நிலையை அறிந்தவர்களாக, நெடுங்காலம் பழகியவர்களாக அல்லது அண்டை வீட்டாராக இருத்தல் வேண்டும். ஒரு மனிதனின் இல்லாமையை அவன் தெருவில் வாழ்பவரே அறிவர் என்ற நுட்பம் இதில் உள்ளது.

நமது கடன் அறிக்கையில் அத்தகைய சாட்சிக்கு இடமில்லை. இயற்கைப் பேரிடர், பெருந்தொற்று ஆகியவற்றையொட்டி மறுசீரமைக்கப்பட்ட கடன்களுக்கெனச் சில குறியீடுகள் இருப்பினும், ஒருவர் நோயுற்றதையோ வேலை இழந்ததையோ மதிப்பெண் அறியாது. பணம் இருந்தும் கட்டாதவரும் பணமில்லாமல் கட்டாதவரும் ஒரே எண்ணைப் பெறக்கூடும்.

இவ்விருவரையும் பிரிப்பது இக்காலத்தில் இயலாத காரியம் என்றும் கூறுவதற்கில்லை. ரிசர்வ் வங்கியின் விதிகளிலேயே ‘வேண்டுமென்றே கடன் தவறியவர்’ என்ற தனி வகை இருக்கிறது. செலுத்தும் திறன் இருந்தும் செலுத்தாதவர், கடன் தொகையை வேறு வழியில் திருப்பியவர் போன்றோர் அதில் அடங்குவர். ஷரீஅத் கூறும் ‘வாஜித்’ ஏறக்குறைய இவரே. ஒருவரை இவ்வாறு அறிவிக்குமுன் அவரது விளக்கத்தைக் கேட்க வேண்டும். ஒரு குழு ஆராய வேண்டும். அதன் முடிவை மற்றொரு குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆனால் இந்த நடைமுறை 25 இலட்ச ரூபாயும் அதற்கு மேலும் நிலுவையுள்ள கடன்களுக்கே உரியது. கோடிகளில் கடன் பெற்றவருக்குத் தம் நிலையை எடுத்துரைக்க வாய்ப்புண்டு. மூன்று இலட்சத்திற்குக் கார் வாங்கி ஓட்டியவருக்கு அது இல்லை.

எமது மாணவரின் முதற்கேள்விக்கு விடை இதுவே. அவர் ஏமாற்றுக்காரர் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை. ஏமாற்றுக்காரர் அல்லர் என்றும் எழுதியிருக்கவில்லை. தாமதித்தார் என்று மட்டுமே எழுதியிருக்கிறது. படிப்பவர்தாம் மீதியைத் தம் மனத்தில் எழுதிக்கொள்கின்றனர்.

பதிவேட்டைச் சீர்செய்யும் வழிகள்

குறைந்த மதிப்பெண் உள்ளவர் முதலில் செய்ய வேண்டியது, அறிக்கையைப் பெற்றுப் படிப்பதாகும். நான்கு நிறுவனங்களும் ஆண்டிற்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிறருடைய கடன் தம் பெயரில் ஏறியிருத்தல், முடிந்த கடன் நிலுவையாகக் காட்டப்பட்டிருத்தல் போன்ற பிழைகள் இருந்தால், கடன் தகவல் நிறுவனத்திடமோ கடன் கொடுத்த நிறுவனத்திடமோ முறையிடலாம். முறையீட்டை 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-ல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. அதன்பின்னும் தீராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

இரண்டாவது, ‘செட்டில்டு’ என்ற குறி. விட்டுக்கொடுக்கப்பட்ட மீதித் தொகையைப் பின்னர் செலுத்தி, பாக்கியில்லை என்ற சான்றைப் பெற்றால், ‘முடிக்கப்பட்டது’ என மாற்றித் தருமாறு நிறுவனத்தைக் கேட்கலாம். இங்கே மார்க்கச் சட்டமும் அறியத்தக்கது. கடன் கொடுத்தவர் மனமொப்பி ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது ‘ஸுல்ஹுல் ஹத்தீத்தா’ எனப்படும், அது செல்லும், விட்ட பகுதிக்குக் கடனாளி பொறுப்பாளி அல்லர். மஸ்ஜிதுந் நபவியில் கஅப் பின் மாலிக் (ரலி) தமக்கு வர வேண்டிய கடனைக் கேட்டுக் குரல் உயர்த்தியபோது, பாதியைக் குறைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சைகை செய்ய, அவரும் இசைந்தார். எஞ்சியதை எழுந்து செலுத்துமாறு கடனாளி பணிக்கப்பட்டார். ஆனால் வசதியை மறைத்து, இல்லையென்று நடித்துப் பெற்ற விட்டுக்கொடுப்பு, ஏட்டில் கணக்கை முடித்தாலும் இறைவனிடத்தில் முடிக்காது.

மூன்றாவது, வண்டியின் ஆவணங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி, கடனில் வாங்கிய வண்டியின் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் பதிவாகும். கடன் முடிந்ததும் என்.ஓ.சி. பெற்று, அப்பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும். பழைய வண்டி வாங்குபவர் இதைப் பார்க்காமல் பணம் கொடுப்பது பேராபத்து.

நான்காவது, ஜாமீன். உறவினருக்காகக் கையெழுத்திட்டவரின் அறிக்கையிலும் அந்தக் கடன் ஏறும். தவறினால் அவரும் பொறுப்பாவார். ஃபிக்ஹிலும் கடன் கொடுத்தவர் கடனாளியிடமும் பிணையாளியிடமும் கேட்கலாம் என்பதே சட்டம். முகத்தாட்சிண்யத்திற்காக இடும் கையெழுத்து அன்று என்பதை நம்மவர்கள் உணர வேண்டும்.

வட்டியும் தவணை விற்பனையும்

இனி இரண்டாவது கேள்வி. அந்த நிறுவனம் கேட்டது ‘ஃபிளாட்’ 12 சதவீதம். 3 இலட்ச ரூபாயை நான்கு ஆண்டுகளுக்கு இவ்வாறு பெற்றால் வட்டி 1,44,000 ரூபாய். மாதத் தவணை 9,250 ரூபாய். அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி முதல்நாள் அசலுக்கே கணக்கிடப்படுகிறது. ஆகவே உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 21 சதவீதமாகிறது. 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன் தரும் நிறுவனங்கள் இந்த உண்மை விகிதத்தை ‘முக்கிய விவர அறிக்கை’யில் காட்டியாக வேண்டும். கையெழுத்திடுமுன் அந்த ஏட்டைக் கேட்டு வாங்குவது கடன் பெறுவோர் அனைவருக்கும் இன்றியமையாதது. இல்லாதவர் என்று அறியப்பட்டவரிடமே அதிகம் கேட்கும் இம்முறை, அவரை மீண்டும் தவறச் செய்யும் வாய்ப்பைத் தானே உண்டாக்குகிறது.

எனினும் 21 சதவீதத்தைக் கண்டு அஞ்சுகின்றவர், 9 சதவீதமாயின் ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது. பணத்தைக் கடனாகக் கொடுத்து அதன்மேல் கூடுதல் பெறுவது, கூடினும் குறையினும் ரிபாவே. நிதி நிறுவனம் இங்கே காரை விற்பவர் அன்று. பணத்தைக் கடன் கொடுப்பவர்.

இதற்கு மாற்றாக நிற்பது தவணை விற்பனை. பொருளை உண்மையில் தமதாக வைத்திருப்பவர், ரொக்க விலையைவிடக் கூடுதலான ஒரு விலையை ஒப்பந்தத்திலேயே முடிவாக்கித் தவணையில் விற்பது நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்களிடத்தில் ஆகுமானது. ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1990-ல் இதனை உறுதி செய்தது. அதே தீர்மானம், தவணை தாமதமானதற்காக விலையைக் கூட்டுவது விலக்கப்பட்ட ரிபா என்றும், வசதியுள்ளவர் தாமதிப்பது ஹராம் என்றும் கூறுகிறது. 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களில் அபராத வட்டியை நீக்கி, அபராதக் கட்டணம் மட்டுமே விதிக்கலாம், அதனை அசலோடு சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. வட்டிக்கு வட்டி வளர்வதைத் தடுப்பதால் அது நல்ல மாற்றமே. ஆயினும் தாமதத்திற்காகக் கடன் கொடுத்தவர் தமக்கென எடுத்துக்கொள்ளும் கூடுதல், பெயர் மாறியதால் சட்டம் மாறிவிடாது.

தவணை விற்பனையில் விற்பவருக்குப் பாதுகாப்பில்லையா? உண்டு. விற்கும் காரையே அடைமானமாக்கலாம். அடைமானப் பொருளை, அதற்குக் குறை நேராதபடி ஏறிச் செல்வதற்கும் குடியிருப்பதற்கும் உரிமையாளர் பயன்படுத்தலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. பிணையாளியைக் கேட்கலாம். முன்பணம் பெறலாம். வண்டியை விற்க நேர்ந்தால் பாக்கி போக மிஞ்சியதைக் கடனாளியிடம் ஒப்படைக்க வேண்டும். வேறு வழியில்லாதவன் என்பதற்காக விலையை ஏற்றுவது மட்டும் வெறுக்கத்தக்கது. நெருக்கடியில் உள்ளவரிடம் செய்யும் வாணிபத்தைத் தடுக்கும் அபூதாவூதின் அறிவிப்பு, தொடரில் பலவீனமானதாயினும், அதன் கருத்தை அறிஞர்கள் புறக்கணிக்கவில்லை.

நமது மஹல்லாவின் பொறுப்பு

இந்தியாவில் இஸ்லாமிய வங்கி இல்லை. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-ல் வட்டியில்லா வங்கி முறையைப் பரிந்துரைத்தது. 2017-ல் அதனை மேற்கொண்டு தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி முடிவெடுத்தது. எனவே ‘ஷரீஅத் வங்கி வரட்டும்’ என்று காத்திருப்பது பயன் தராது. வந்தாலும், அதுவும் பதிவேட்டைப் பார்த்தே கொடுக்கும்.

முஃஸிரின் நிலைக்குச் சாட்சி அண்டை வீட்டார் என்று கண்டோம். வறுமைக்கு ஆளானவர் குறித்து, அவருடைய கூட்டத்தாருள் அறிவுள்ள மூவர் எழுந்து சான்றுரைப்பது பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் கபீஸா (ரலி) அவர்களின் அறிவிப்பும் உள்ளது. ஒரு மனிதர் ஏன் தவறினார் என்று எந்தக் கணினியும் கேட்காது. ஆனால் ஜமாஅத் கேட்கலாம். அதற்குரிய அறிவும் அருகாமையும் ஜமாஅத்திடமே உள்ளன. பைத்துல்மால் நடத்தும் மஹல்லாக்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். கடன் தவறியவரைக் கண்டதும் முகம் திருப்பிக்கொள்ளும் நாம், மதிப்பெண்ணைக் குறைகூறத் தகுதியுடையவர்களா? அவ்வாறே, சங்கக் கடனையும் உறவினர் கைமாற்றையும் ‘கேட்கமாட்டார்கள்’ என்ற துணிவில் இழுத்தடிப்பவர்களைக் கண்டிக்கவும் வேண்டும். அவர்கள்தாம் மெய்யான முஃஸிருக்கு உதவும் கைகளை மூடச் செய்கின்றனர். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்துடன் வாங்கியவரின் கடனை அல்லாஹ் நிறைவேற்றித் தருவான், அழிக்கும் எண்ணத்துடன் வாங்கியவரை அவன் அழிப்பான் என்ற நபிமொழியை (புகாரீ) இருசாராரும் நினைவிற்கொள்ளட்டும்.

எமது மாணவர் அந்த ஃபைனான்ஸை எடுக்கவில்லை. பழைய கார் வியாபாரம் செய்யும் மஹல்லாவாசி ஒருவர், ரொக்க விலை 3 இலட்சம் பெறும் வண்டி ஒன்றை முதலில் தாம் விலைக்கு வாங்கித் தம் கைவசம் கொண்டுவந்தார். பிறகு 3,60,000 ரூபாய்க்கு அவருக்கு விற்றார். முன்பணம் 90,000, மாதம் 9,000 வீதம் 30 தவணைகள். இருவர் ஜாமீன் நின்றனர். தாமதக் கட்டணம் இல்லை. தாமதம் நேர்ந்தால் மஹல்லாவின் இரு பெரியவர்கள் காரணத்தை விசாரிப்பர். வசதி இருந்தும் தாமதித்தார் என்று கண்டால் வண்டியை விற்று வியாபாரி தம் பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். இவை யாவும் முத்திரைத் தாளில் எழுதப்பட்டன.

இத்தவணைகள் எந்த நிறுவனத்தின் பதிவேட்டிலும் ஏறப்போவதில்லை. ஆகவே இதனால் அவருடைய மதிப்பெண் ஒரு புள்ளியும் உயராது. வியாபாரியிடம் உள்ள நோட்டில் மட்டும் 14 தவணைகள் வரவாகியுள்ளன. ஒன்பதாவது தவணை 22 நாள் தாமதம். அதற்கு நேரே ஒரு பெரியவர் தம் கையால், ‘இன்ஜின் வேலை, விசாரித்தோம், உண்மை’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.